என்கூட வந்த அஞ்சு பேர்

இல்ல அண்ணாச்சி, ஜன்னல் சீட்டு காலிதான், பஸ் கிளம்புறதுக்குள்ள உக்காருங்க. இந்தப் பையை நான் மடியில வச்சுக்கிடுவேன். ஒண்ணுமில்ல, ஒரு பொன்னாடை, அப்புறம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு கப்பல். நாகர்கோவில்ல ஒரு காலேஜ்ல குடுத்தாங்க, இன்னைக்குக் காலையில. பாய்மரமெல்லாம் வச்ச கப்பல். நான் ஓட்டினது டீசல் இன்ஜின் வச்ச மீன்பிடி போட்டு. ஆனாலும் மேடையில வச்சுக் குடுக்கும்போது வேண்டாம்னு சொல்ல முடியாதுல்லா.

பேப்பர்ல பாத்திருப்பீங்க. முப்பத்தொரு நாள் நடுக்கடல்ல கிடந்து தப்பிச்ச மீனவர்னு போட்டாங்களே, அது நான்தான். பேரு ததேயு. எங்க ஊர்ல வந்து ததேயு ஸ்ராங்குன்னு கேட்டாத்தான் வீட்டைக் காட்டுவாங்க. போட்டை ஓட்டிக் கொண்டுபோறவனுக்கு எங்க பக்கம் ஸ்ராங்குன்னு பேரு. இருபத்தாறு வருசமா ஸ்ராங்கு. அந்த போட்டோவுல எலும்பா இருப்பேன், இப்பக் கொஞ்சம் சதை பிடிச்சிருக்கு. அதான் உங்களுக்கு அடையாளம் தெரியல.

காலேஜ்ல ஒரு புரொபசர் பேசினாரு. முந்தி கிரேக்க தேசத்துல ஒரு ராஜா இருந்தாராம். சண்டைக்குப் போயிட்டு ஊருக்குத் திரும்புறாரு. கடல் விடல. பத்து வருசம் அலைக்கழிச்சு, கடைசியில ஊர் வந்து சேந்துட்டாரு. அந்த மாதிரி இவரும் வந்து சேந்திருக்காருன்னு என்னையக் காட்டினாரு. பிள்ளைங்க எல்லாம் கை தட்டிச்சு.

சாப்பாட்டு நேரத்துல நான் அவர்கிட்டப் போயிக் கேட்டேன். சார், அந்த ராஜா தனியாவா போனாரு? இல்ல இல்ல, பன்னெண்டு கப்பல் நிறைய ஆள் போச்சுன்னாரு. அந்த ஆளுங்க என்ன ஆனாங்கன்னேன். அவரு கையில எடுத்த சோத்தைத் திரும்ப இலையில வச்சாரு. யாரும் திரும்பலன்னாரு. முக்கால்வாசிப் பேரைத் துறைமுகத்துல வச்சே கல்லெறிஞ்சு கொன்னுட்டாங்க, கொஞ்சப் பேரை ஒரு ராட்சசன் தின்னான், மிச்சம் இருந்தவங்க தொடக்கூடாதுன்னு சொல்லி வச்சிருந்த மாட்டை அடிச்சுத் தின்னுட்டாங்க, அந்தக் குத்தத்துக்குச் சாமி கப்பலை உடைச்சிருச்சு. ராஜா மட்டும் கட்டையப் பிடிச்சுக் கரை சேந்தாரு. அவங்களா தேடிக்கிட்டதுன்னுதான் கதையில வருதுன்னாரு.

மாட்டை அடிக்கும்போது ராஜா எங்க இருந்தாருன்னேன்.

தூங்கிட்டு இருந்தாருன்னாரு.

எனக்கு அதக் கேட்டதும் மனசு கொஞ்சம் அமைஞ்சுது பாத்துக்கிடுங்க. அந்தக் காலத்துலேயே இப்படித்தான் நடந்திருக்கு. அவங்க பேரெல்லாம் இருக்கா சார்னேன். ஒரு நாலஞ்சு பேர் பேருதான் இருக்குன்னாரு. அத்தனை கப்பல் ஆளுக்கு நாலஞ்சு பேரு. நான் என்கூட வந்த அஞ்சு பேர் பேரையும் சொல்லுவேன். பனியடிமை, சமையல். சூசை, இன்ஜின் பாக்கறவன். ரொசாரியோ, என் பெண்டாட்டிகூடப் பொறந்தவன், என் மச்சினன். நம்புராஜன், நம்புசேகர், அண்ணனும் தம்பியும், ராமநாதபுரத்துக்காரங்க. என்னையும் சேத்து ஆறு பேரு. யாரையும் நான் மறக்கல.

காத்து அடிச்சா ஜன்னலைச் சாத்திக்கிடுங்க. எனக்கு ஒண்ணுமில்ல.

போன ஐப்பசியில போனோம். பதினெட்டு நாள் கடல்லயே கிடந்து மீன் பிடிக்கற தங்கல். பன்னெண்டாம் நாள் வயர்லெஸ்ல மத்த போட்டுக்காரனுவ பேசிக்கிட்டானுவ, கடல் சரியில்ல, திரும்புறோம்னு. சூசை வேற கியர்பாக்ஸ்ல ஒரு சத்தம் கேக்குதுங்கறான். அண்ணே, நாமளும் எல்லாரோட சேந்தே போயிருவோம், வழியில நின்னாக்கூட யாராவது கட்டி இழுப்பாங்கன்னான். நான் காலையிலதான் மேற்க பறவை கூட்டமா விழுறதப் பாத்திருந்தேன். பறவை விழுற இடத்துல கேரை மீன் நிக்கும். இன்னும் ரெண்டு நாள் நிப்போம்லேன்னேன். ததேயு ஸ்ராங்கு அரைப் போட்டு மீனோட கரைக்கு வந்தான்னு ஒருத்தனும் இதுவரைக்கும் சொன்னதில்ல. இருபத்தாறு வருசம். அத நீங்க ஊர்ல கேட்டுப் பாக்கலாம்.

மீன் இருந்துச்சு அண்ணாச்சி. அத முதல்ல சொல்லணும். நான் சொன்ன இடத்துல மீன் இருந்துச்சு. ஐஸ் பெட்டி நிறைஞ்சுது. பதினாலாம் நாள் கியர்பாக்ஸ் போயிருச்சு.

சூசை ராவும் பகலும் அதுக்குள்ளேயே கிடந்தான். ஒரு பல்சக்கரம் ரெண்டா உடைஞ்சிருந்துச்சு. அதுக்கு மாத்து எங்ககிட்ட இல்ல. வயர்லெஸ்ல கூப்பிட்டோம், பேட்டரி சாகுற வரைக்கும் கூப்பிட்டோம். கேக்குற தூரத்துல ஒரு போட்டு இல்ல. எல்லாவனும் பயந்து முன்னாலேயே ஓடிட்டானுவ. ஒருத்தன் தைரியமா நின்னிருந்தாக் கூட இந்த அஞ்சு பேரும் இன்னைக்கு உயிரோட இருப்பாங்க. நான் இத ஊர்க்கூட்டத்துலயும் சொன்னேன்.

நீரோட்டம் தெக்கேயும் மேற்கேயும் கொண்டுபோச்சு. முதல் வாரம் டேங்குத் தண்ணி, அப்புறம் ஐஸ் உருகின தண்ணி. மீன் நாத்தம் அடிக்கும், குடிச்சோம். அதுக்கப்புறம் முப்பத்தஞ்சு லிட்டர் கேன் ஒண்ணு மட்டும் மிச்சம். அதத் தூக்கி, நான் நின்னு ஓட்டுற வீல்ஹவுஸ் அலமாரியில வச்சுப் பூட்டினேன். சாவியைக் கழுத்துல ஜெபமாலையோட மாட்டிக்கிட்டேன். ஆளுக்குக் காலையில பிளாஸ்க் மூடியில ஒரு மூடி, சாயங்காலம் ஒரு மூடி. எனக்கும் அதேதான். வேணும்னா நான் இந்தப் பைமேல கை வச்சுச் சொல்லுவேன், ஒரு சொட்டு நான் கூடுதலா எடுத்ததில்ல. கப்பல் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும். பத்து நாளாகலாம், அறுபது நாளாகலாம். அறுபதுக்குத்தான் நான் கணக்குப் போட்டேன்.

பனியடிமை என்கூடப் பதினெட்டு வருசம் வந்தவன். காலையில நான் கண்ணைத் தொறக்கும்போது கட்டஞ்சாயா கையில வச்சுக்கிட்டு நிப்பான். போட்டு நின்ன நாள்ல இருந்து எண்ணினா, அவனுக்குப் பன்னெண்டாவது நாள் காய்ச்சல் வந்துருச்சு. வீல்ஹவுஸ் வாசல்ல வந்து உக்காந்தான்.

"அண்ணே, ஒரு டம்ளர் தாங்க. நாளைக்கும் மறுநாளும் என் பங்கு வேண்டாம்"னான்.

"நாளைக்கு நீ வந்து கேப்ப பனியடிமை. அப்ப நான் இல்லைன்னு சொல்லணும். அது இதைவிடக் கஷ்டம்"னேன்.

"கேக்க மாட்டேன்."

"ஒருத்தனுக்குக் குடுத்தா அஞ்சு பேருக்கும் குடுக்கணும்லே."

சரிண்ணேன்னு எந்திரிச்சுப் போயிட்டான். நல்ல மனுசன். சண்டை போடல. அதுக்கப்புறம் யாருக்கும் தெரியாம வாளியில கடல் தண்ணி மொண்டு குடிச்சிருக்கான். நான் அத்தனை பேர்கிட்டயும் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன், கடல் தண்ணியத் தொடாதீங்க, தொட்டா புத்தி மாறிரும்னு. கேக்கல. ரெண்டு நாள் ஏதேதோ பேசினான். அடுப்பே இல்லாம அடுப்பை ஊதினான். பதினாலாம் நாள் காலையில பாத்தா அசைவில்ல.

ஜெபம் சொல்லி இறக்கினோம். உடம்பு மிதக்கக்கூடாதுல்லா, கட்டுறதுக்கு ஏதாவது கனமா வேணும். சூசை அந்த உடைஞ்ச பல்சக்கரத்தைக் கொண்டாந்தான். அதக் காலோட சேத்துக் கட்டினோம். ரொசாரியோ அழுதான். நம்புராஜன் அழுதான். எனக்கு ஒண்ணும் வரல. ஆறு மூடி இனிமே அஞ்சு மூடின்னு மட்டும் தோணுச்சு. அது தப்பில்ல, யாராவது ஒருத்தன் அத யோசிக்கணும்லா.

மறுநாள் மழை பெஞ்சுது. ஒரு அரைமணி நேரம். தார்ப்பாயை விரிச்சுப் பிடிச்சோம். எல்லாரும் வாயைத் தொறந்துக்கிட்டு நின்னானுவ. பிடிச்ச தண்ணிய நான் கேன்ல ஊத்திப் பூட்டினேன். இன்னைக்காவது வயிறு நிறையக் குடிப்போம் அண்ணேன்னு சூசை கேட்டான். மேல இருந்து விழுந்தத வாயில பிடிச்சுக் குடிச்சீங்கல்லா, அது இன்னைக்கு மேல்வரும்படின்னேன். அவன் சிரிக்கல.

அடுத்து அண்ணனும் தம்பியும். பதினேழாம் நாள் மத்தியானம் கிழக்க ஒரு கப்பல் தெரிஞ்சுது. துணியக் கட்டி ஆட்டினோம். எண்ணெயில நனைச்சுக் கொளுத்தினோம். கப்பல் பாட்டுக்குப் போவுது. நம்புராஜன் சொன்னான், ஸ்ராங்கு, நாங்க நீந்திப் போயிருதோம்னு. அது பத்து மைலு இருக்கும்லே, கண்ணுக்கு அப்படித் தெரியும்னேன். இல்ல, பக்கந்தான்னு ரெண்டு காலி டிரம்மை அடுத்தடுத்து வச்சுக் கட்டினானுவ. போறதுக்கு முன்னால நம்புசேகர் வந்து நின்னான். எங்க ரெண்டு பேர் பங்கையும் இப்பவே குடுத்துருங்க, நீந்தணும்லான்னான்.

சாயங்காலப் பங்கு சாயங்காலந்தான்னேன்.

குடுக்கலன்னா போக மாட்டானுவன்னு நினைச்சுத்தான் அப்படிச் சொன்னேன். நிப்பாட்டுறதுக்குத்தான். குதிச்சிட்டானுவ. ரெண்டு தலையும் கொஞ்ச தூரம் தெரிஞ்சுது. அலை ஏறும்போது தெரியும், இறங்கும்போது தெரியாது. ஒரு தடவை அலை ஏறிச்சு, தெரியல. அன்னைக்குச் சாயங்காலம் மூணு மூடி ஊத்தினேன்.

டிக்கெட்டா? எனக்குத் திருநெல்வேலி. எடுத்தாச்சுய்யா, இந்தா இருக்கு.

எங்க விட்டேன். ஆமா, மூணு பேரு. நான் தூங்கக்கூடாதுன்னுதான் இருந்தேன். பகல்ல ஒரு கண்ணு, ராத்திரி ஒரு கண்ணுன்னு இருபது நாள். உடம்புதானே அண்ணாச்சி. இருபதாம் நாள் மத்தியானம் சாஞ்சபடியே தூங்கிட்டேன். அந்த ராஜாவும் தூங்கிட்டாருன்னு புரொபசர் சொன்னப்ப எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு. நம்புன ஆளுங்க நாம தூங்கும்போதுதான் செய்வாங்க.

பூட்டு உடைஞ்ச சத்தத்துல முழிச்சேன். சூசை கேனைச் சாய்ச்சுப் பிடிச்சிருக்கான், ரொசாரியோ வாயைக் குடுத்துக் குடிக்கான். கண்ணை மூடிக்கிட்டுக் குடிக்கான். சின்னப் பிள்ளையில அவன் எங்க கல்யாணத்துல தலைப்பாக் கட்டிக்கிட்டு என் பக்கத்துல உக்காந்திருந்தவன். நான் பக்கத்துல கிடந்த வெட்டுக்கத்தியை எடுத்தேன். வீசல. காட்டினேன், அவ்வளவுதான். வைலே கீழன்னேன்.

சூசை கேனைப் போட்டுட்டுப் பின்னால கால் வச்சான். அந்த நேரம் பாத்து போட்டு உருண்டுச்சு. அந்தப் பக்கம் கைப்பிடி ஏற்கெனவே ஒடிஞ்சது. விழுந்துட்டான். அதிகாரிங்க கேட்டப்ப தவறி விழுந்தான்னு சொன்னேன். அது பொய்யில்லல்லா, தவறித்தான் விழுந்தான்.

பத்து அடி இருக்கும். கையைத் தூக்கினான். அண்ணேன்னு கூப்பிட்டான். கேன் கவுந்து தண்ணி பலகையில ஓடுது. நான் கேனை நிமித்தினேன். மூடி உருண்டு வலைக்குள்ள போயிருந்துச்சு, அதத் தேடி எடுத்து மாட்டினேன். மாட்டாம விட்டா போட்டு மறுபடி உருளும்போது மிச்சமும் போயிரும். அதுக்கப்புறம் கயிறு எடுத்தேன். ரெண்டு கைதானே அண்ணாச்சி. அந்த இடத்துல இருந்து பாத்தாத்தான் தெரியும். கயிறு வீசும்போது அவன் இருந்த இடம் வெறுமனே இருந்துச்சு.

ரொசாரியோ குதிக்கப் போனான். காலைக் கட்டிப் பிடிச்சு இழுத்துப் போட்டேன். அவனையாவது நான் காப்பாத்தினேன். அத என் வீட்டுக்காரி மேபல்கிட்டச் சொன்னேன். அவ கேட்டாளா கேக்கலயான்னு எனக்குத் தெரியல, அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தா.

அன்னைக்குச் சாயங்காலம் அவனுக்கு ஒரு மூடி ஊத்தி நீட்டினேன். திருடினதுக்காக நான் பங்கை நிறுத்தல. பாத்துக்கிடுங்க, நிறுத்தல. அவன் வாங்கல. மறுநாள் காலையில நீட்டினேன், வாங்கல. தலையைத் தூக்கி மடியில வச்சு உதட்டுல மூடியை வச்சேன். உதட்டைப் பூட்டிக்கிட்டான். கண்ணு மட்டும் என்னையப் பாத்துக்கிட்டு இருக்கு.

"குடிலே ரொசாரியோ. உங்க அக்காவுக்கு நான் பதில் சொல்லணும்"னேன்.

பேசல. அவங்க குடும்பமே பிடிவாதக்காரங்க. மேபலும் அப்படித்தான், ஒரு தடவை அவங்க அம்மா வீட்டுச் சண்டையில பதினோரு மாசம் பேசாம இருந்தா. மூணு நாள் கழிச்சு, இருபத்துமூணாம் நாள் அவன் போயிட்டான். குடிக்காத பங்கு ஆறு மூடி. ஒவ்வொண்ணையும் திரும்பக் கேன்லயே ஊத்தி வச்சேன். என் பங்கோட சேத்துக் குடிச்சிருக்கலாம். குடிக்கல.

அவனை மட்டும் கடல்ல இறக்க எனக்குக் கை வரல. ரெண்டு நாள் பக்கத்துலேயே வச்சிருந்தேன். அப்புறம் வெயில் விடல.

அதுக்கப்புறம் நான் ஒருத்தன்தான். ஒருத்தனா ஆனப்புறமும் காலையில ஒரு மூடி, சாயங்காலம் ஒரு மூடி. தூண்டில் போட்டுக் கிடைச்சத உரிச்சுத் தின்னேன். யார்கூடவும் பேசல, பாட்டுப் பாடல, சாமி கும்பிட்டேனான்னு கூட ஞாபகமில்ல. மூடியை நக்கிட்டுத் துடைச்சு வைப்பேன். அவ்வளவுதான் நாள்.

முப்பத்தோராம் நாள் சரக்குக் கப்பல் ஒண்ணு வந்து எடுத்துச்சு. ஏணியில ஏறும்போது கேனையும் தூக்கிட்டுத்தான் ஏறினேன். அவனுவளுக்கு ஆச்சரியம். அங்க ஒருத்தன் அத அளந்து பாத்தான். பதினோரு லிட்டர் இருந்துச்சு. கேப்டன் வெள்ளைக்காரன், விறைப்பா நின்னு எனக்குச் சல்யூட் அடிச்சான். டிசிப்ளின், டிசிப்ளின்னு சொன்னான். கேனோட நிக்கவச்சு போட்டோ எடுத்தாங்க. அதுதான் பேப்பர்ல வந்தது.

ஊருக்கு வந்ததும் எங்க சர்ச் பங்குச் சாமியார் என்னைய ஒவ்வொரு வீடாக் கூட்டிட்டுப் போனாரு. எப்படிப் போனாங்கன்னு வீட்டாளுங்க கேக்கத்தானே செய்வாங்க. ராமநாதபுரத்துக்குப் போன் பண்ணிச் சொன்னோம். சூசை வீட்டுல அவங்க அம்மா படுத்த படுக்கை, காது கேக்காது. பனியடிமை வீட்டுல அவன் பெண்டாட்டி செலின் வாசல்ல நாற்காலி போட்டா. நல்ல பிள்ளை. ரெண்டு பொட்டப்பிள்ளை. நான் எல்லாத்தையும் உள்ளபடி சொன்னேன். ஒரு டம்ளர் கேட்டதைச் சொன்னேன், நான் ஏன் குடுக்கலன்னும் சொன்னேன். கடல் தண்ணியக் குடிச்சதச் சொன்னேன். குத்தம் சொல்லல, அவன் புத்தி அப்படிப் போச்சுன்னு பக்குவமாத்தான் சொன்னேன்.

அவ எல்லாத்தையும் கேட்டுட்டு, "பேப்பர்ல போட்டிருந்தாங்களே, பதினோரு லிட்டர்னு. அது நெசமாண்ணே?"ன்னா.

"நெசந்தாம்மா"ன்னேன்.

உள்ள போனா. ஒரு குடம் தண்ணியும் ஒரு டம்ளரும் கொண்டாந்தா. என் முன்னால வச்சு, டம்ளர்ல மொண்டு குடுத்தா. "குடிங்க, வெயில்ல வந்திருக்கீங்க"ன்னா. குடிச்சேன். இன்னொண்ணு மொண்டா. அதையும் குடிச்சேன். மூணாவது மொண்டு நீட்டினா. போதும்மான்னேன். அவ கையை எடுக்கல. வாங்கிக் குடிச்சேன். நாலாவது. சாமியார் எந்திரிச்சு, செலின், வேண்டாம்மான்னாரு. அவ அவரைப் பாக்கவே இல்ல. "இன்னும் இருக்கு, குடிங்கண்ணே"ன்னா. குரல்ல கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிள்ளைங்க ரெண்டும் கதவுப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டு இருக்கு. நான் குடிச்சேன். எத்தனைன்னு எண்ணல. அன்னைக்கு வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன்.

எதுக்கு அப்படிச் செஞ்சான்னு எனக்கு இன்னும் பிடிபடல. துக்கத்துல இருக்கறவங்க ஏதாவது செய்வாங்க. மேபல்கிட்டக் கேட்டேன். அவளும் பேசுறதில்லயே, அவ தம்பி விசயத்துல இருந்து. சோத்தை வச்சிட்டுப் போயிருவா.

வள்ளியூர் தாண்டிருச்சா? சரி. நான் திருநெல்வேலில இறங்கி சங்கரன்கோவில் பஸ் பிடிக்கணும். போட்டு ஓனர் புதுசா இன்னொரு போட்டு தர்றாரு. ஸ்ராங்கு நீதான், உன்னைய மாதிரி ஆள் எனக்கு எங்க கிடைக்கும்னாரு. வர்ற மாசம் இறக்குறோம். ஆனா எங்க ஊர்ல ஒருத்தனும் ஏற மாட்டேங்கான். பக்கத்து ஊர்லயும் கேட்டாச்சு. கதவைத் தொறந்து என்னையப் பாத்துட்டு, இல்லன்னு சொல்லிட்டுச் சாத்துறான். பயம். இந்தக் காலத்துல ஒருத்தனுக்கும் கடல்ல நிக்க நெஞ்சு இல்ல. அதான் வடக்க வந்து பாக்கலாம்னு கிளம்பினேன். மழை இல்லாம வேலை இல்லாம இருக்கற ஆளுங்க உங்க பக்கம் இருப்பாங்கல்லா. கடல் தெரியணும்னு இல்ல. நீச்சல் கூட வேண்டாம். கடல் தெரியாதவன்தான் நல்லது, எதுத்துப் பேச மாட்டான், சொன்னதக் கேப்பான். சாப்பாடு, தண்ணி எல்லாம் நான் பாத்துக்கிடுவேன். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தாச் சொல்லுங்க, நானே வந்து பேசறேன்.

என்ன அண்ணாச்சி, எந்திரிச்சுட்டீங்க. உங்க ஊர் இன்னும் ஒரு மணி நேரம் இருக்குன்னுல்லா சொன்னீங்க. இது நாங்குநேரி.